வனத்து அந்தோணியாரின் வனம்

(நாகர்கோவிலில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இன்று ஜனவரி 17. பொங்கல் பானையின் அடிக்கரி பல வீடுகளில் இன்னும் தேய்த்து முடிந்திருக்காது. கத்தோலிக்க நாட்காட்டியில் இன்றைக்கு வனத்து அந்தோணியார் திருநாள். கூட்டம் வைத்தவர்கள் நாள் பார்த்து வைத்தார்களா, மண்டபம் கிடைத்த நாளில் வைத்தார்களா என்று நான் கேட்கவில்லை. எப்படியானாலும் பொருத்தம்.

எங்கள் பாட்டி வீட்டு முன்னறையில் இரண்டு படங்கள் தொங்கும். ஒன்றில் தலையைச் சுற்றி மழித்த இளைஞர், கையில் குழந்தை இயேசு, பக்கத்தில் லீலி மலர். மற்றதில் தாடிக் கிழவர், கையில் கோல், காலடியில் பன்றி. இரண்டுக்கும் கீழே அந்தோணியார் என்றே எழுதியிருக்கும். எனக்கு ஏழு எட்டு வயது. யார் பாட்டி உண்மையான அந்தோணியார் என்று கேட்டேன். பாட்டி முறத்தை விட்டு நிமிரவில்லை. "மக்களே, அவரு பிள்ளையப் புடிச்சிருக்காரு, இவரு பன்னிய வளக்காரு. ரெண்டு பேரும் நம்ம ஆளுதாம்லே" என்றாள்.

பாட்டி சொன்னதில் அவளுக்கே தெரியாத ஒரு உண்மை உண்டு. பிள்ளையைப் பிடித்திருப்பவர் பதுவை அந்தோணியார். உவரிக்கு வேன் பிடித்துப் போகிறோமே, செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுதிரி ஏற்றுகிறோமே, அவர். 1195இல் லிஸ்பனில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் பெர்னாந்து. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். சேர்ந்த இடம் கொயிம்பிரா நகருக்கு வெளியே ஒலிவ மரங்களுக்கு நடுவே இருந்த சிறு மடம். எகிப்து நாட்டு அந்தோணியார் பெயரில் அமைந்தது. அந்தப் பெயரையே பெர்னாந்தும் எடுத்துக்கொண்டார். ஆக, போர்ச்சுகீசியரோடு கப்பலேறி நம் கரைக்கு வந்து, ஓடுகிற வள்ளத்துக்கும் பிறக்கிற பிள்ளைக்கும் நாம் சூட்டிய அந்தோணி என்ற பெயர், நைல் நதிக்கரையில் ஒரு விவசாயி வீட்டில் தொடங்கியது. போர்ச்சுகீசியர் இருவரையும் குழப்பிக்கொள்வதில்லை. பதுவைக்காரர் அவர்களுக்கு அந்தோனியோ, எகிப்துக்காரர் அந்தாவோ. நாம் கிழவருக்கு முன்னால் ‘வனத்து’ என்று சேர்த்து வேலையை முடித்துக்கொண்டோம். இன்று நான் பேச வந்ததே அந்த ‘வனத்து’ பற்றித்தான்.

பன்றியை முதலில் ஓட்டிவிடுவோம். எகிப்து அந்தோணியார் பன்றி வளர்க்கவில்லை. பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சு தேசத்தில் அவர் பெயரால் ஒரு சபை தோன்றியது. பூஞ்சை பிடித்த தானியத்தைத் தின்று கைகால் எரிந்து அழுகும் நோயாளிகளை அவர்கள் பராமரித்தார்கள். மருந்துக்கும் செலவுக்கும் பன்றி வளர்த்தார்கள், கழுத்தில் மணி கட்டித் தெருவில் மேய விட்டார்கள். ஓவியர்கள் அந்தப் பன்றியை அந்தோணியாரின் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த நோய்க்கு அந்தோணியார் நெருப்பு என்று பெயர். இத்தாலியில் இன்றும் அக்கிக்கு அதே பெயர்தான். நம் ஊரில் அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவி எழுதச் சொல்வார்கள். எரிச்சல் எல்லா ஊரிலும் ஒன்று. ஆற்றுகிற ஆள்தான் வேறு.

இனி வனம்.

எகிப்தில் காடு கிடையாது. அவர் போன இடம் மணலும் பாறையும். அப்படியிருக்க நம் முன்னோர் ஏன் அதை வனம் என்றார்கள்? அவர் ஒருவரை மட்டுமல்ல. அவருக்கு முந்தைய துறவி பவுலையும் வனத்துச் சின்னப்பர் என்றுதான் சொல்கிறோம். விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் திருமுழுக்கு யோவான் கூவியது வனாந்தரத்தில். பாலை என்று நல்ல சொல் கையில் இருந்தும், பாலைவனம் என்று வனத்தை வாலாகக் கட்டித்தான் நமக்குத் திருப்தி. நான் நினைப்பது இது. தமிழ்க் காதில் பாலை என்றால் ஓர் இடம் அல்ல, ஒரு நிலைமை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் போனால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அங்கே போகிறவன் பொருள் தேடிப் போவான், இல்லை காதலியோடு உடன்போவான். துறவி போகிற இடம் காடு. இராமன் போனது காடு, முனிவர்கள் இருந்தது காடு. எகிப்தியத் துறவியை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது என்று தேடியபோது கை தானாகவே காட்டுக்குப் போயிருக்கிறது.

இதைத் தவறான மொழிபெயர்ப்பு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கிரேக்கத்தில் அந்த இடத்துக்கு ‘எரேமோஸ்’ என்பார்கள்; மணல் என்பது அதற்குப் பொருளே இல்லை, ஆளில்லாத இடம் என்பதே பொருள். அந்தோணியாருக்குக் கிரேக்கம் தெரியாது. அவர் பேசியது எகிப்தின் குடியானவர் மொழியான கோப்து. கோப்தில் மலை என்ற சொல்லையே துறவிகள் வாழும் வெளிக்கும், பிறகு மடத்துக்கும் வழங்கினார்கள். காரணம் நிலத்தில் இருக்கிறது. நைல் நதியின் இரு கரையிலும் ஒரு பச்சைப் பட்டை, வயல். அந்த வயல் முடிகிற வரப்பிலேயே பாறை எழும்பும். ஒரு கால் சேற்றிலும் ஒரு கால் பாறையிலுமாக ஒருவன் நிற்கலாம்.

தஞ்சாவூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு வேண்டாம். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைகிற வயல் ஏலாவின் ஓரத்தில் பாறைப் பொற்றை நிற்பதை நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். மருந்துவாழ் மலையின் கீழ் உள்ள ஊருக்குப் பெயரே பொற்றையடி. சிதறால் மலைக்குப் போயிருப்பீர்கள். திருச்சாரணத்து மலை என்று அதன் பழைய பெயர். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. சமணத் துறவிகள் அங்கே இருந்தார்கள், கீழே குடியானவர் உழுதார்கள். இவர்கள் சத்தம் அவர்களுக்குக் கேட்கும், அடுப்புப் புகை தெரியும். எகிப்தின் வனமும் ஆரம்பத்தில் அந்தத் தொலைவில்தான் இருந்தது. ஊரைவிட்டு ஓடியவன் ஊரைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படியான தொலைவு.

அந்தோணியார் பிறந்தது ஏறக்குறைய 251இல், கோமா என்ற ஊரில். (மயக்கம் இல்லை, ஊர்ப் பெயர்தான்.) வசதியான கிறிஸ்தவக் குடியானவர் வீடு. பதினெட்டு, இருபது வயதில் தாய் தகப்பன் இருவரும் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு சிறிய தங்கையும் 300 அரூரா நல்ல நிலமும். நம் கணக்கில் சுமார் 200 ஏக்கர். ஒரு நாள் கோவிலுக்குள் நுழைகிறார். நிறைவுள்ளவனாக வேண்டுமானால் உடைமையை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று பணக்கார இளைஞனிடம் இயேசு சொன்ன பகுதியை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனையோ பேர் கேட்ட வாசகம். இவர் தனக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொண்டார். நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார், தட்டுமுட்டுகளை விற்றார், தங்கைக்காகக் கொஞ்சம் எடுத்து வைத்தார். பிறகொரு நாள் நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற வாசகம் காதில் விழ, எடுத்து வைத்ததையும் கொடுத்துவிட்டுத் தங்கையைக் கன்னியர் சிலரிடம் ஒப்படைத்தார்.

இந்த இடத்தில் நாஞ்சில் நாட்டுக்காரன் புருவத்தை உயர்த்துவான். உயர்த்தத்தான் வேண்டும். மருமக்கள்வழி நடந்த நாடு இது. சொத்து பெண்வழியில் இறங்கும், மாமன் தன் சகோதரி பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த முறையின் கோளாறுகளைக் கவிமணி மருமக்கள்வழி மான்மியத்தில் வயிறு நோகச் சிரிக்க வைத்துச் சொன்னார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அதை மாற்றியது. ஆனால் ஒன்று. அந்தோணியார் தோவாளையிலோ பூதப்பாண்டியிலோ பிறந்து, தங்கையின் பங்கைத் தங்கையைக் கேட்காமல் கொடுத்திருந்தால், கரைக்காரர்கள் கூடி, மகனே, புண்ணியம் உன்னுடையது, நிலம் அவளுடையது என்று சொல்லியிருப்பார்கள். அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியார் தங்கையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. வெகுகாலம் கழித்து அண்ணன் அவளைப் பார்த்தபோது அவள் முதிர்ந்து, கன்னியர் பலருக்குத் தலைவியாக இருந்தாள் என்று ஒரு வரி மட்டும் வருகிறது. அந்த ஒரு வரிக்காக நான் அத்தனாசியாரை மன்னித்துவிடுவேன். பாலைக்கு உரிய பொருள் பிரிவு என்று தொல்காப்பியம் வகுத்ததே, அந்தப் பாலையில் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். ஒருவர் கதைதான் நமக்குக் கிடைத்தது.

பிறகு நடந்தது சுருக்கமாகச் சொல்லக்கூடியது. பக்கத்து ஊரில் தனியே தவமிருந்த ஒரு கிழவரிடம் பாடம் கேட்டார். ஊரை விட்டுத் தள்ளிக் கல்லறைக் குகை ஒன்றில் அடைபட்டிருந்தார். அங்கேதான் பசாசுகள் சிங்கமும் கரடியும் பாம்பும் தேளுமாக வந்து அடித்துப் போட்டன. ஐரோப்பிய ஓவியர்களுக்குக் கொண்டாட்டமான காட்சி. அடி ஓய்ந்து கூரை வழியே ஒளி இறங்கியபோது, இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர் ஆண்டவரே என்று அந்தோணியார் கேட்கிறார். இங்கேதான் இருந்தேன், உன் போராட்டத்தைப் பார்க்கக் காத்திருந்தேன் என்று பதில் வருகிறது. முப்பத்தைந்து வயதில் ஆற்றைக் கடந்து பாழடைந்த கோட்டை ஒன்றுக்குப் போனார். ஆண்டுக்கு இரண்டு முறை, ஆறு மாதத்துக்கான ரொட்டி சுவர் மேலாக இறங்கும். இருபது ஆண்டு இப்படி. ஏறக்குறைய 305இல் நண்பர்கள் கதவைப் பெயர்த்தார்கள். எலும்புக்கூட்டை எதிர்பார்த்தவர்கள் முன்னால் பருக்காமலும் வற்றாமலும், போனபடியே ஒரு மனிதர் வெளியே வந்தார். கூட்டத்தைக் கண்டு கூசவும் இல்லை, பூரிக்கவும் இல்லை.

மருந்துவாழ் மலையில் பிள்ளைத்தடம் என்ற குகையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நாராயண குரு அங்கே தவமிருந்தார். இறங்கி வந்தவர் 1888இல் அருவிப்புறத்தில் ஆற்றுக்குள்ளிருந்து கல்லெடுத்துச் சிவனைப் பிரதிட்டை செய்தார். குகைக்குள் போனவர் ஒருவர், வெளியே வந்தபோது அவர் பின்னால் ஒரு சமூகமே வந்தது. அந்தோணியாருக்கும் அப்படித்தான். அவர் தனிமையைத் தேடத் தேடச் சுற்றிலும் குடிசைகள் முளைத்தன. தாங்காமல் செங்கடல் பக்கத்து உள்மலைக்குப் போனார். அங்கும் தேடி வந்தார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கீரையும் காய்கறியும் போட்டார். விலங்குகள் வந்து பாத்தியை நாசம் செய்தன. ஒன்றைப் பிடித்து, நான் உங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே, ஏன் என்னைப் படுத்துகிறீர்கள், போய்விடுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். கீரிப்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் யானையிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

இதெல்லாம் அத்தனாசியார் சொன்ன அந்தோணியார். அத்தனாசியார் அலெக்சாந்திரியாவின் ஆயர். ஆரியுசின் கொள்கையோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர், ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். 356இல் அந்தோணியார் இறந்து, தாமும் துறவிகளிடையே ஒளிந்திருந்த காலத்தை ஒட்டி இந்த வரலாற்றை எழுதினார். அவர் காட்டும் அந்தோணியாருக்கு எழுத்து வாசனை கிடையாது. கேலி செய்ய வந்த கிரேக்கத் தத்துவக்காரர்களிடம், அறிவு முந்தியதா எழுத்து முந்தியதா என்று கேட்டு மடக்குகிறார். அறிவுதான் என்கிறார்கள். அப்படியானால் அறிவு தெளிந்தவனுக்கு எழுத்து எதற்கு என்கிறார். புத்தகம் சில ஆண்டுகளில் இலத்தீனுக்குப் போனது. 386இல் மிலான் நகரில் ஒரு விருந்தாளி இந்தக் கதையைச் சொல்லக் கேட்டுத்தான் அகுஸ்தீனார் நிலைகுலைந்தார். படிக்காதவர்கள் எழுந்து போய்விட்டார்கள், படித்த நாம் புரண்டுகொண்டு கிடக்கிறோமே என்பது அவர் வேதனை.

ஆனால் படிக்காத இந்த மனிதர் பெயரில் ஏழு கடிதங்கள் இருக்கின்றன. எரோனிமுசு என்ற எழுத்தாளருக்கு நான்காம் நூற்றாண்டிலேயே அவற்றைத் தெரியும். கோப்தில் சிதறல்கள், முதல் கடிதம் சிரியாக்கில், மற்றபடி ஜார்ஜிய, அரபு, இலத்தீன் மொழிபெயர்ப்புகள் என்று எஞ்சியிருக்கின்றன. நெடுங்காலம் அறிஞர்கள் இவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990இல் சாமுவேல் ரூபென்சன் என்ற ஆய்வாளர் இவை அவருடையவைதான், எழுதியவர் அலெக்சாந்திரியாவின் சிந்தனை மரபை அறிந்தவர் என்று வாதிட்டார். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ரூபென்சன் பக்கம்.

ஏனென்று கேட்டால், கடிதங்களின் குரல் வரலாற்றின் குரலிலிருந்து அவ்வளவு விலகியிருக்கிறது. கடிதங்களில் சிங்கம் இல்லை, கரடி இல்லை. உன்னை அறி, தன்னை அறிந்தவன் கடவுளை அறிவான் என்று வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. ஆரியுசைக் கண்டிக்கும்போதுகூட, அந்த மனிதர் தன்னை அறிந்திருந்தால் தெரியாத ஒன்றைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார் என்று முடித்துவிடுகிறார். உடம்பில் எழும் அசைவுகள் மூவகை என்று முதல் கடிதத்தில் பிரித்துச் சொல்கிறார்: இயல்பாக எழுபவை, மிதமிஞ்சித் தின்று குடிப்பதால் எழுபவை, தீய ஆவிகள் கிளப்புபவை. வைத்தியர் நாடி பார்க்கும் நிதானம் அதில் தெரிகிறது. எனக்குத் தூக்கம் கெடுத்தது ஆறாம் கடிதம். பசாசுகளுக்குக் கண்ணால் பார்க்கும் உடம்பு கிடையாது, அவற்றின் எண்ணங்களுக்கு நாம் இடம் கொடுக்கும்போது நாமே அவற்றுக்கு உடம்பாகிவிடுகிறோம் என்கிறார். நினைத்துப் பாருங்கள். கல்லறைக் குகையில் தேளும் பாம்புமாக வந்து அடித்ததாக ஊரெல்லாம் பேசப்பட்ட மனிதர் எழுதியது இது. பேயை வெளியே தேடாதே, உன் நாக்கு அதன் நாக்கு, உன் கை அதன் கை. இடலாக்குடியிலும் முளகுமூட்டிலும் குளச்சலிலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், பேய் எப்போதும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். நம்மிடம் இந்தக் கடிதம் எடுபடாமல் போனதில் வியப்பில்லை.

ஒரு சமயம் அவருக்குச் சோர்வு வந்தது. பதுமை போல உட்கார்ந்திருக்கும் சோர்வு. மதியவேளைப் பசாசு என்று பின்னால் வந்தவர்கள் பெயரிட்டார்கள். என்ன செய்வது என்று கேட்கிறார். கொஞ்சம் தள்ளித் தம்மைப் போலவே ஒருவர் உட்கார்ந்து ஓலை முடைவதைக் காண்கிறார். முடைகிறார், எழுந்து செபிக்கிறார், மறுபடி உட்கார்ந்து முடைகிறார். அது ஒரு சம்மனசு. இப்படிச் செய், பிழைப்பாய் என்று குரல் வருகிறது. பெரிய வெளிச்சம் ஒன்றுமில்லை. அவர் முடைந்தது பேரீச்ச ஓலை. நம் விளைகளில் கிழவிகள் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பனையோலையில் கடவம் முடைவார்களே, வாயில் செபமாலையோ அம்மானையோ ஓடிக்கொண்டிருக்குமே, அதே காட்சி. எங்கள் பாட்டிக்கு எகிப்து எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், இதச் சொல்லித் தர சம்மனசு வரணுமாக்கும் என்று கேட்டிருப்பாள்.

அவர் சிரிக்காத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். சீடர்களோடு கலகலப்பாக இருந்தபோது வேட்டைக்காரன் ஒருவன் பார்த்து முகம் சுளித்தான். உன் வில்லை வளை என்றார். வளைத்தான். இன்னும் என்றார். இன்னும் வளைத்தான். இன்னும் என்றதும், ஒடிந்துவிடும் ஐயா என்றான். இவர்களும் அப்படித்தான் என்றார். எரோனிமுசு எழுதிய வனத்துச் சின்னப்பர் கதையில் இதைவிட நல்ல இடம் ஒன்று உண்டு. தொண்ணூறு வயதில் அந்தோணியார் நூற்றுப் பதின்மூன்று வயதுச் சின்னப்பரைத் தேடிப் போகிறார். காகம் ஒரு முழு ரொட்டி கொண்டுவந்து போடுகிறது. நீர் பிட்டுத் தாரும் என்கிறார் இவர், விருந்தாளி நீர்தான் பிட வேண்டும் என்கிறார் அவர். பொழுது சாயும்வரை இந்த உபசாரச் சண்டை. கடைசியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நம் கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி வரிசை ஆட்கள்தான். நடந்த கதையா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டை நடந்திருக்க வேண்டும்.

நூற்றைந்து வயதில் இறந்ததாகச் சொல்கிறார்கள். எகிப்தில் பெரியவர்கள் உடலைத் தைலமிட்டுத் துணி சுற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அது நமக்கு வேண்டாம், மண்ணில் புதையுங்கள், இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று உடனிருந்த இரண்டு சீடர்களிடம் கேட்டுக்கொண்டார். இருந்த ஆட்டுத்தோல் இரண்டில் ஒன்று அத்தனாசியாருக்கு, மற்றது செராப்பியோன் ஆயருக்கு. மயிராடை சீடர்களுக்கு. உயில் அவ்வளவுதான். கோட்டாற்றில் 1752இல் புதைத்த தேவசகாயம் பிள்ளையின் கல்லறைக்கு 270 ஆண்டுகளாக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு இன்னும் கூடுதல். கல்லறை வேண்டும் நமக்கு, தொட்டுக் கும்பிட ஓர் இடம் வேண்டும். வனத்து அந்தோணியார் அதைத் தர மறுத்துவிட்டுப் போனவர். பிற்காலத்தில் அவர் எலும்பு கிடைத்தது என்றும் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள் என்றும் ஊர்கள் சொல்லிக்கொண்டன. அவர் பேச்சை யார் கேட்டார்கள்?

ஒரு சிறு கதையோடு இறங்கிவிடுகிறேன், பின்னால் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. வனத்தில் இருந்த அந்தோணியாருக்கு ஒரு செய்தி வெளிப்பட்டது. உனக்குச் சமமான ஒருவன் நகரத்தில் இருக்கிறான், அவன் வைத்தியன், தன் தேவைக்கு மிஞ்சியதை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்கத் தூதர்களோடு சேர்ந்து இறைவனைப் பாடுகிறான் என்று. இருபது ஆண்டு கோட்டைக்குள் கிடந்தவரிடம் சொல்லப்பட்டது இது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெய்யூர் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனார். உச்சி எட்டவில்லை. ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் நோயாளிக் கூட்டத்தையும் அதன் நடுவே திணறும் ஒரே அறுவை மருத்துவரையும் பார்த்தார். இலண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்டில் ஏறக்குறைய 28,000 அடி வரை போய் இறங்கினார், நெய்யூருக்குத் திரும்பினார், இருபது ஆண்டுக்கு மேல் இங்கே கத்தி பிடித்தார். மலையைத் தேடிப் போனவர்தான் அவரும். அவர் பெயர் நமக்குத் தெரியும், அவர் கையால் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். அந்த நகரத்து வைத்தியரின் பெயரைக் கதை சொல்லவில்லை. அந்தோணியார் அவரைப் பார்க்கப் போனாரா என்பதையும் சொல்லவில்லை.